எலிகளின் ஆறாம் நாள்

பதினான்கு ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். தீவனம் போடுவது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, கூண்டு மாற்றுவது, காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்ப்பது. அதில் கடைசி ஆறு ஆண்டுகள் நோய் கொடுக்கும் அறையில். அங்கே எலியின் மூக்கில் ஃப்ளூ வைரஸை ஒரு சொட்டு விடுவார்கள். அதன் பிறகு என்ன நடக்கிறது என்று நாள்தோறும் பார்த்து எழுதுவது என் வேலை.

எனக்கு நோய் வந்தபோது, அடுத்து என்ன வரும் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அந்த அறையில் இரண்டு வகை எலிகள் இருந்தன. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இரண்டும் கறுப்பு. ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் கவிதா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த அறைக்கு நான் வந்த புதிதில் உட்கார்ந்து எனக்கு விளக்கிச் சொன்னார்.

"வைரஸ் உள்ள நுழைஞ்ச உடனே, அந்த செல் ஒரு மணி அடிக்கும்க்கா. இண்டர்ஃபெரான்னு பேரு. அந்தச் சத்தம் கேட்டா பக்கத்துல இருக்கிற செல் எல்லாம் கதவைச் சாத்திக்கும். வைரஸ் மூக்கு, தொண்டையோட நின்னுடும். இது பொறக்கும்போதே நம்ம கூட வர்ற காவல். தடுப்பூசி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

"இந்த ரெண்டாவது ரகம்?"

"அதுக்கு அந்த மணி கேக்காது. கேக்குற காதையே எடுத்துட்டோம்."

மணி கேட்காத எலிகளுக்கு முதல் மூன்று நாள் பெரிதாக எதுவும் தெரியாது. சாப்பிடும், ஓடும். அதற்குள் வைரஸ் நுரையீரலின் அடிவரை இறங்கியிருக்கும். நான்காம் நாள் எடை குறையத் தொடங்கும். அப்போது உடம்பு தாமதமாக விழித்துக்கொண்டு, வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்கு அனுப்பும். அவை வைரஸை மட்டும் அடிப்பதில்லை, காற்றுப் பைகளையும் சேர்த்துக் கெடுக்கும். பைகளுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஆறாம் நாள் எலி முதுகை வளைத்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதை மேலும் வதைக்காமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி. முடிப்பதும் என் வேலைதான்.

அந்த வெள்ளிக்கிழமை, வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கையுறை கிழிந்தது. அந்த அறையில் இரட்டைக் கையுறை போடுவோம். ஓர் எலியைத் தராசிலிருந்து எடுக்கும்போது கூண்டின் கம்பியில் மாட்டி வெளிக் கையுறை கிழிந்தது. உள்ளே இருந்ததிலும் ஊசிமுனை அளவு ஓட்டை. எலி கடிக்கவில்லை, ரத்தம் வரவில்லை. உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அறையை மூடுவார்கள், விசாரணை நடக்கும், டாக்டர் கவிதாவின் பரிசோதனை பாதியில் நிற்கும். அன்று அந்த எலிகளுக்கு ஐந்தாம் நாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் கணவர் அந்தோணி லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்குப் புதன்கிழமையிலிருந்தே தும்மலும் உடம்பு வலியும். பொங்கல் சமயம், தமிழ்க் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோடு முழுக்கக் கூட்டம். அங்கே ஒரு கட்டடத்தில் நாள் முழுக்க லிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இரண்டு நாள் படுத்தார், சனிக்கிழமை எழுந்து மீன் வாங்கப் போய்விட்டார்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குக் குளிர் எடுத்தது. திங்களும் செவ்வாயும் பனடால் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என் மகள் ரீனா பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கிளினிக்குக்குக் கூப்பிட்டாள்.

"மா, வாங்களேன். கீழதானே இருக்கு."

"சாதா சளி. அப்பாவுக்கு வந்து போகல?"

கிளினிக்குக்குப் போனால் என்ன வேலை என்று கேட்பார்கள். ஆகவே போகவில்லை. ஃப்ளூவுக்கு மருந்து உண்டு. காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளுக்குள் விழுங்கினால்தான் அதற்கு முழுப் பலன். இது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்த இரண்டு நாளையும் விட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்து நின்றேன். நான்காம் நாள் என்று மனசு தானாகச் சொன்னது. ரீனா என்னைக் கேட்காமலேயே டாக்சி கூப்பிட்டாள்.

அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் கருவி. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு எண்பத்தெட்டு. மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே என் வேலை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரீனாதான் பதில் சொன்னாள்: ஆராய்ச்சிக் கூடம், ஃப்ளூ கொடுத்த எலிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையுறை விஷயத்தைச் சொன்னேன். ரீனா என் கையைப் பிடித்திருந்தாள். சொல்லி முடித்தபோது அவள் பிடி தளர்ந்திருந்தது.

"ஏம்மா சொல்லல?"

கிளிப் மாட்டிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கவுன், முகக் கவசம், இரட்டைக் கையுறை போட்டு வந்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் அறையை மூடினார்கள். என்னோடு வேலை பார்த்த இருவரை வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். அதில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் இருமல் கூடியது.

என்னைப் பார்த்த நுரையீரல் நிபுணர் டாக்டர் ஹோ. ஐம்பது வயதுப் பெண்மணி, மெதுவாகப் பேசுவார். நான் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்பவள், சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இவ்வளவு ஆரோக்கியமான ஒருத்திக்கு இது ஏன் இப்படி இறங்கியது என்று அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை நர்ஸ் கட்டிலில் இருந்த தராசின் பொத்தானை அழுத்தி எடை பார்த்தார். அந்தக் கட்டிலில் படுத்தபடியே எடை பார்க்கலாம். மதுரைப் பக்கத்துப் பெண், பெயர் சங்கீதா.

"எவ்வளவும்மா?" என்று கேட்டேன்.

"அம்பத்தெட்டு."

அறுபத்தொன்று இருந்தேன். ஐந்தில் ஒரு பங்கு என்றால் பன்னிரண்டு கிலோ. மூன்று போயிருந்தது. "எதுக்கு ஆன்ட்டி விரல் விட்டு எண்ணுறீங்க?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

அன்று சாயந்திரம் டாக்டர் கவிதா வந்தார். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று ஃபோனில் பேசினார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

"எக்ஸ்பெரிமென்ட்டு போனா போகுது. அடுத்த பேட்ச் பண்ணிக்கலாம். நீங்க ஏன்க்கா ரெண்டு நாள் வீட்டுலயே இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவர் கண்ணாடியில் கையை வைத்தார். பிறகு சட்டென்று எடுத்துவிட்டார். நான் நாள் எண்ணியதைப் போலவே அவரும் எண்ணியிருப்பார். மறுநாள் எனக்கு ஐந்தாவதா ஆறாவதா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆறாம் நாள். என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூக்கில் பெரிய குழாய் வழியாகச் சூடான ஆக்சிஜன் வேகமாக அடித்தது. காற்று எதிரில் வீசும்போது சைக்கிள் மிதிப்பது போல இருக்கும். குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நுரையீரலின் முதுகுப் பக்கம் கொஞ்சம் திறந்துகொள்ளும் என்று சங்கீதா முன்பே சொல்லியிருந்தார். கழுத்தைத் திருப்பியபடி மணிக்கணக்காகக் கிடந்தேன். ஒரு வாக்கியம் பேச மூன்று மூச்சு தேவைப்பட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் ஹோ வந்து முழங்காலிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். மாலைக்குள் தேறவில்லை என்றால் மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விட்டு, எந்திரம் வழியாக மூச்சுவிட வைக்க வேண்டும் என்றார். நான் ஒன்று கேட்டேன். நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு இப்போது கொடுக்கலாமா? எலிகளில் சீக்கிரம் அடக்கினால் வைரஸ் பெருகும், தாமதமாக அடக்கினால் சில பிழைக்கும். எனக்கு இது ஆறாம் நாள்.

"எலிகளுக்கு நீங்கள் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வைரஸ் கொடுத்தீர்கள்" என்றார் டாக்டர் ஹோ ஆங்கிலத்தில். "உங்களுக்கு எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஃப்ளூவில் அந்த மருந்து மனிதர்களைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உறுதி இல்லாததை உங்கள் மேல் செய்ய எனக்கு விருப்பம் இல்லை. காத்திருப்போம்."

அந்தோணியைக் கவுன் போட்டு உள்ளே விட்டார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் என் முகம் தெரியும்.

"பக்கத்து வீட்டு மாக்சிக் கேட்டுல பூபோர் தொங்க விட்டுட்டுப் போறாங்க, தெனமும். எனக்கும் ரீனாவுக்கும். நீ வந்து டப்பாவெல்லாம் திருப்பிக் கொடு லா, எது எதுன்னு எனக்குத் தெரியல."

மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுவது பக்கத்து வீட்டு மலாய் அம்மா. பூபோர் என்பது அவர் வைக்கும் கஞ்சி. நான் கண்ணால் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு அவர் ஜெபமாலையை எடுத்தார். வழக்கமாக அதை வேகமாகச் சொல்லி முடிப்பவர். அன்று ஒவ்வொரு மணியிலும் நின்றார். குழாய் போடச் சம்மதம் என்று அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஐந்து மணிக்கு எண் எண்பத்தாறு. ஆறு மணிக்கு எண்பத்தேழு. ஏழு மணிக்கும் எண்பத்தேழு. குழாய் வண்டியைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், அது நான் கிடந்த பக்கத்திலிருந்து தெரிந்தது. எட்டு மணிக்குத் தொண்ணூறு. டாக்டர் ஹோ வந்து எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அகற்றவில்லை. அது மேலும் நான்கு நாள் அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. வைரஸின் மரபுக் குறியீட்டைப் படித்திருந்தார்கள். எலிகளுக்கு நாங்கள் கொடுத்தது எலிக்கே பழக்கப்படுத்திய பழைய ரகம். என் நுரையீரலில் இருந்தது ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்த சாதாரண ஃப்ளூ. கையுறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் அடைந்திருந்த இருவரையும் வெளியே விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் ஆக்சிஜன் இறங்கும் என்று சங்கீதா கண்டித்தார்.

அந்தோணி அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று ரீனாவிடம் ஏதோ கேட்டார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் அப்படியே வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு ரீனா சொன்னாள், அவர் கேட்டது இதுதானாம்: "அப்ப நான்தான் குடுத்தேனா?"

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு வரப் பன்னிரண்டு நாள், வீட்டுக்கு வர மேலும் ஒன்பது நாள். வீட்டில் குளியலறைக்குப் போய் வருவதே ஒரு நாளைய வேலையாக இருந்தது. ஒரு மாதம் கழித்து டாக்டர் ஹோவின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேரும். என் ரத்தத்தை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

அவர் தாளில் படம் போட்டு விளக்கினார். கிருமியைப் பிடிக்கத்தான் உடம்பு ஆன்டிபாடி செய்யும். சிலருக்கு அது தவறிப்போய், தன் உடம்பு செய்யும் பொருளையே பிடித்துவிடும். என் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி என் சொந்த இண்டர்ஃபெரானைப் பிடித்துக்கொண்டிருந்தது. செல் மணி அடிக்கிறது. சத்தம் அடுத்த செல்லுக்குப் போவதற்குள் நடுவிலேயே அமுக்கப்படுகிறது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வயதாக ஆகச் சிலருக்கு வரும். போகுமா என்றும் தெரியாது. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது, மணிக் கணக்கில் வர வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் கவிதாவுக்கு ஃபோன் செய்தேன். ஆன்டிபாடி விஷயத்தைச் சொன்னேன்.

"நானும் அந்த ரெண்டாவது ரகம்தான்" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"வேற எப்படிச் சொல்றது?"

நோய் அறைக்கு இனி நான் போக முடியாது. கூண்டு கழுவும் பகுதியில் வேலை கொடுத்தார்கள். அதற்காக நன்றியோடுதான் இருக்கிறேன்.

வீட்டில் மாறியது அந்தோணிதான். வீட்டுக்குள்ளேயே முகக் கவசம் போட ஆரம்பித்தார். ஹாலில் சோபாவில் படுத்தார். வேலைத் துணியைத் தனி வாளியில் ஊறவைத்தார். பூசைக்குப் போனால் வெளியே வராந்தாவில் நின்றார். நான் எத்தனையோ தடவை சொன்னேன்: நீங்கள் கொடுத்தது சளி, அதைப் பெரிதாக்கியது என் ரத்தம், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தது என் புத்தி. கேட்டுக்கொள்வார். பிறகு எழுந்து போய் மறுபடியும் கை கழுவுவார்.

ஜூன் மாதம் ஒரு நாள், ஏழு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஃபோன் வந்தது.

"நான் கீழ வாய்ட் டெக்ல இருக்கேன். மத்தியானம் ரெண்டு தடவ தும்முனேன். மேல வர மாட்டேன்."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். ஒரு கோடுதான். ஆனா நாளைக்கும் பண்ணிப் பாக்கணும். தஞ்சோங் பகார்ல தம்பி வீட்டுக்குப் போறேன். ரீனாவ என் பை எடுத்து லிஃப்ட்டுல வைக்கச் சொல்லு."

நான் முகக் கவசம் போட்டுக்கொண்டு எங்கள் அடுக்குமாடியின் திறந்த தரைத்தளத்துக்கு இறங்கிப் போனேன். கல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுந்து இன்னும் இரண்டு மேசை தள்ளிப் போனார்.

"அங்கயே நில்லு, லூர்து."

நின்றேன். பின்னால் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "அந்த எலிங்கள எல்லாம் தனித்தனியாத்தான் வெப்பீங்களா?"

"இல்ல. ரெண்டு மூணா சேத்துத்தான். தனியா வெச்சா சரியா சாப்புடாது."

அவர் தலையசைத்தார். ரீனா லிஃப்ட்டில் அனுப்பிய பையை எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்தார்.

மூன்றாம் நாள் காலை ஒரு படம் அனுப்பினார். பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடு, அதாவது ஃப்ளூ. டாக்டர் ஹோவின் கிளினிக் அன்றே எனக்குத் தடுப்பாக மாத்திரை கொடுத்தது. தினம் மூன்று வேளை காய்ச்சல் பார்த்தேன், விரலில் கிளிப்பை மாட்டி எண் பார்த்தேன். ரீனா இரவில் என் அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். இந்த முறை ஒன்றும் வரவில்லை.

பத்தாம் நாள் சாயந்திரம் கதவு மணி அடித்தது. அந்தோணி வெளியே நின்றார், வீட்டுச் சாவி கையிலேயே இருந்தது. இன்னொரு கையில் அன்று காலை பார்த்த கிட், ஒரு கோடு. அதைக் கம்பிக் கதவுக்கு அருகே உயர்த்திக் காட்டினார்.

"வரலாமா?" என்றார்.

வாங்க என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியை அவர் கவனித்துவிட்டார்.